கடிதத்தை எரித்த தாய்

தமிழில் முற்போக்கு இலக்கியத்தைத் தேடிப் படித்தோருட் பெரும்பாலோர் மாக்சிம் கார்க்கியின் ‘தாய்’ நாவலை அறிவர். ரகுநாதனின் மொழிபெயர்ப்பிலே அதனைப் படித்து, பெலகேயா நீலவ்னாவைத் தம் வீட்டுப் பெரியவர்களுள் ஒருத்தியாகவே மனத்திற் கொண்டோரும் உளர். குடிகாரக் கணவனிடம் அடிபட்டு, கண்ட எல்லாவற்றுக்கும் அஞ்சி, ஒடுங்கி வாழ்ந்த ஒரு தொழிலாளியின் விதவை அவள். மகன் பாவெலின் வழியே உலகினைப் புதிதாகக் காணப் பழகுகிறாள். மகன் சிறைப்படுகிறான், அவன் ஏந்திய கொடியின் முறிந்த கம்பினைத் தாய் கையில் எடுக்கிறாள். மகனுடைய கைது அவளுடைய கண்களைத் திறக்கின்றது.

‘தாய்’ ரஷ்ய மொழியில் வெளிவந்தது 1907ஆம் ஆண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அதே நாட்டில், மகனைச் சிறைக்குப் பறிகொடுத்த மற்றொரு விதவைத் தாயைப்பற்றி ஒரு குறுநாவல் எழுதப்பட்டது. லிதியா சுகோவ்ஸ்கயா என்னும் பெண் எழுத்தாளர் 1939-40 பனிக்காலத்தில், லெனின்கிராட் நகரில், பாடசாலைக் கொப்பியொன்றில் எழுதி மறைத்து வைத்த ‘சோபியா பெத்ரோவ்னா’ அது. இங்கே மகனுடைய கைது தாயின் கண்களைத் திறக்கவில்லை. திறந்திருந்த சிறு இடைவெளியையும் அது மூடிவிடுகின்றது. இவ்விரு தாய்மாரையும் அருகருகே நிறுத்தி நோக்கும் ஒப்பீடு நம்முடையது. ஆசிரியையின் மீது நாம் அதனைச் சுமத்தவில்லை. எனினும், வாழ்வு முழுவதையும் தன்வசப்படுத்திக்கொள்ளும் ஓர் ஆட்சி, தன்கீழ் வாழும் மனிதரின் உலக நோக்கை எவ்வாறு வனைகின்றது என்ற வினாவுக்கு விடை காண்பதற்கு இவ்வொப்பீடு போல் உதவுவது பிறிதொன்றில்லை என்பது நம் எண்ணம்.

கதை எளியது. சோபியா பெத்ரோவ்னா ஒரு வைத்தியரின் மனைவி. கணவர் இறந்தபின் தட்டெழுத்துக் கற்று, பெரியதொரு பதிப்பகத்தில் வேலைக்கு அமர்கிறாள். விரைவிலேயே தட்டெழுத்துப் பிரிவின் தலைவியாகிறாள். அலுவலகத்தின் பரபரப்பு, கூட்டங்கள், தன் கைக்கு வந்து சேரும் கையெழுத்துப் பிரதிகள், இளம் வயதினரான இயக்குநரின் மரியாதையான பேச்சு, எல்லாமே அவளுக்குப் பிடித்திருக்கின்றன. வீட்டிலே அடைந்து கிடந்த ஒருத்திக்குச் சமூகத்தில் ஓரிடமும் ஒரு பெயரும் கிடைத்திருக்கின்றன. இதனை நாம் மனங்கொள்ளல் வேண்டும். சர்வாதிகாரம் என்றவுடன் அச்சத்தையும் சவுக்கையும் மட்டுமே நினைப்போர், அது மனிதருக்குச் சில உண்மையான நன்மைகளையும் தந்தே அவர்தம் மனத்தைப் பற்றிக்கொள்கின்றது என்பதனை மறந்துவிடுகின்றனர். சோபியா பெத்ரோவ்னாவின் நன்றி போலியானதன்று. அவள் பெற்றது மெய்யாகவே பெற்றதுதான்.

அவளுடைய மகன் கோல்யா பொறியியல் மாணவன். கொம்சொமோல் இளைஞர் சங்கத்தைச் சேர்ந்தவன். புரட்சிக்குப்பின் அவர்களுடைய வீடு பல குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டு, தாயும் மகனும் ஓர் அறையில் வாழ்கின்றனர். அதன் நியாயத்தைத் தாய்க்கு விளக்குபவன் கோல்யாவே. அரசியற் கருத்துகள் அவளிடம் மேடையிலிருந்தும் சிறைச்சாலையிலிருந்தும் வந்தவை அல்ல. தேநீர் மேசையில், மகனுடைய குரலில் வந்தவை. பின்னர் கோல்யா ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத் தொழிற்சாலைக்குச் செல்கிறான். பற்சக்கரம் வெட்டும் கருவியைச் செய்வதற்குப் புதுமுறையொன்றைக் கண்டறிகிறான். அவனுடைய படம் ‘பிராவ்தா’வின் முதற் பக்கத்தில் வெளியாகின்றது. மகன்மீது கொண்ட பாசமும், பத்திரிகைமீது கொண்ட நம்பிக்கையும், ஆட்சிமீது கொண்ட விசுவாசமும் அவளிடம் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாக இறுகிவிடுகின்றன. பின்னால் அவளுக்கு நேரும் அழிவின் வேர் இந்த இடத்திலேயே இருக்கின்றது. தன் மகனை வீரன் என்று கூறிய அதே பத்திரிகை பிறர் மக்களைத் துரோகிகள் என்று கூறும்போது, ஒன்றை நம்பி மற்றதை மறுப்பது எங்ஙனம்?

முதலில் நகரத்து வைத்தியர் பலர் கைதாகின்றனர். அவர்களுள் கணவரின் நண்பரான கிபாரிசோவும் ஒருவர். அடுத்துப் பதிப்பகத்தின் இயக்குநர் கைதாகிறார். தான் மதித்த மனிதர் எவ்வாறு துரோகியானார்? பத்திரிகையிலே படித்த உளவுக் கதையொன்றின் வழியே சோபியா பெத்ரோவ்னா அதற்கும் விளக்கம் கண்டுவிடுகிறாள். பின்பு ஒருநாள் அலிக் வந்து நிற்கிறான். கோல்யாவின் பாடசாலைத் தோழன்; அவனுடன் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். கோல்யா கைதாகிவிட்டான் என்ற செய்தியை அவன்தான் கொண்டுவருகிறான்.

இவ்விடத்திலிருந்து குறுநாவல் அலுவலகத்தை விட்டுத் தெருவுக்கு வருகின்றது. சிறைவாசல், வழக்குத் தொடுநரின் அலுவலகம், பின்னும் சிறைவாசல் என்று சோபியா பெத்ரோவ்னா வரிசையில் நிற்கத் தொடங்குகிறாள். விடிவதற்கு முன்பே, ஆற்றங்கரைக் குளிரில், ஒரு பெயர்ப் பட்டியலும் அதில் ஓர் எண்ணுமாக அந்த வரிசை உருவாகின்றது. பகலிலே நகரம் தன்போக்கில் இயங்குகின்றது. டிராம் வண்டிகள் ஓடுகின்றன. இந்த வரிசையைப் பற்றி அதுகாறும் அவள் கேள்விப்பட்டதேயில்லை. நூற்றுக்கணக்கான பெண்கள்; வெளிறிய முகங்கள்; கைக்குழந்தையோடு வந்தோரும் உளர். யன்னலருகே சென்றதும் அரை நிமிடத்தில் ஒரு சொல்லைப் பெற்றுத் திரும்பவேண்டும்.

சுகோவ்ஸ்கயாவின் மேதைமை முழுவதும் இந்த வரிசைக் காட்சியிலேதான் வெளிப்படுகின்றது. சோபியா பெத்ரோவ்னா தன்னைச் சுற்றி நிற்கும் பெண்களைப் பார்த்து இரக்கப்படுகிறாள்; குழந்தைகளைக் கண்டு மனம் நோகிறாள்; ஆயினும் இவர்களெல்லாம் கொலைகாரரின் மனைவியர், ஒற்றரின் தாய்மார் என்பதனைத் தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்கிறாள். தன் கோல்யாவின் விடயம் வேறு. அவன் நிரபராதி, அவனை அவள் அறிவாள், எங்கோ தவறு நடந்திருக்கின்றது, இரண்டொரு நாளில் அது திருத்தப்பட்டுவிடும். பக்கத்தில் நிற்பவளிடம் அவள் ஒரு வினாவை மட்டும் கேட்டிருந்தாற் போதும். அந்தப் பெண்ணும் தன் மகனைப் பற்றி இவ்வாறே எண்ணுகிறாளா என்று அவள் கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை. அவ்வரிசையில் நிற்கும் ஒவ்வொருத்தியும் ஓர் உண்மையை அறிவாள்: தன் மகன் குற்றமற்றவன். அந்த உண்மைகள் அனைத்தும் தோளோடு தோள் உரச நிற்கின்றன. ஆனால் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு பெரிய உண்மையாக மாறுவதில்லை. ஏனெனில், தான் நேரே அறிந்ததை ஒவ்வொருத்தியும் விதிவிலக்காகவும், பத்திரிகையிற் படித்ததை விதியாகவும் கொள்ளப் பழக்கப்பட்டுவிட்டாள்.

சர்வாதிகாரம் மனிதரின் உலக நோக்குக்குச் செய்யும் பெருங்கேடு இதுவேயாகும் என்று நாம் கருதுகிறோம். அது பொய்யை நம்பச் செய்கின்றது என்று கூறுவது போதாது. பொய்யை நம்புவோர் எந்நாட்டிலும் உளர். தன் கண்ணாற் கண்டதன்மேல் ஒரு மனிதனுக்குள்ள உரிமையை அது பறித்துவிடுகின்றது. என் அனுபவமும் அயலானின் அனுபவமும் ஒன்றையொன்று தொட்டுப் பார்த்து, ஒப்பிட்டு, அதிலிருந்து ஓர் உலகினைக் கட்டியெழுப்பும் அன்றாட வேலையை அது நிறுத்திவிடுகின்றது. வகுப்பிலும் பட்டறையிலும் வயலிலும் சந்தையிலும் மனிதர் இடைவிடாது செய்துவரும் வேலை அது. வர்க்க உணர்வு என்று நாம் மதித்துப் பேசும் பொருளும் இவ்வேலையின் விளைவேயன்றோ? நீலவ்னாவின் விழிப்பு அவ்வாறே நிகழ்ந்தது. தன் துயரம் தன்னுடையது மட்டுமன்று என்பதை அவள் கண்டாள். சோபியா பெத்ரோவ்னாவோ, தன் துயரம் தன்னுடையது மட்டுமே என்பதை ஒரு பற்றுக்கோடாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதைக் கைவிட்டால் அவள் நிற்கும் நிலமே இல்லாமற் போய்விடும்.

அவளை அறிவிலி என்று ஒதுக்கும் திறனாய்வாளரோடு நாம் உடன்படவில்லை. அவள் மிகவும் தர்க்கரீதியாகச் சிந்திக்கிறாள். நமது நாட்டில் நிரபராதிகளைச் சிறையிலிடுவதில்லை என்ற முதற்கூற்றை ஏற்றுக்கொண்டால், அவள் வந்தடையும் முடிபுகள் அனைத்தும் பிழையற்றவை. மகன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான், அவனுக்குப் பத்தாண்டுச் சிறை என்று அதிகாரி கூறும்போதும் அம்முதற்கூற்று அசைவதில்லை; மகனை விசாரணையாளர் குழப்பியிருக்கவேண்டும் என்றே அவள் முடிவு செய்கிறாள். முதற்கூற்றைத் தொட்டுப் பார்க்கும் துணிவு அறிவினால் மட்டும் வருவதன்று. அதற்குத் துணை வேண்டும், உரையாடல் வேண்டும், மாற்றுச் சொற்கள் வேண்டும். அவை யாவும் அவளிடமிருந்து முன்னரே பறிக்கப்பட்டுவிட்டன.

சொற்கள் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். அலிக் கூர்மையானவன், வரிசையில் நின்று நின்று, ஏதோ பெரிய கேடு நடக்கின்றது என்பதனை உணர்ந்துவிடுகிறான். ஆனால் அவன் அதனை எவ்வாறு விளக்குகிறான்? உள்நாட்டு விவகார ஆணையகத்துள் நாசகாரர் புகுந்துவிட்டனர்; அங்கிருப்போரே மக்கள் விரோதிகள் என்கிறான். ஐயம் அவனுடையது, ஐயத்தைச் சொல்லும் சொற்களோ ஆட்சியினுடையவை. ஆட்சியைச் சந்தேகிப்பதற்கும் ஆட்சியின் அகராதியையே அவன் புரட்ட வேண்டியிருக்கின்றது. ஹிட்லரின் ஜேர்மனியிலும் இதையொத்த ஒன்றை விக்ரர் கிளெம்பரர் என்ற மொழியியல் அறிஞர் குறித்து வைத்துள்ளார். யூதராகப் பிறந்தமையால் 1935இல் திரெஸ்டன் நகரில் பேராசிரியர் பதவியை இழந்து, தொழிற்சாலைக் கூலியாகி உயிர்பிழைத்த அவர், நாஸிகளின் மொழியை நாள்தோறும் கவனித்து, 1947இல் அதனை நூலாக வெளியிட்டார். ‘வெறி’ என்ற சொல் இழிபொருளை இழந்து பாராட்டுச் சொல்லாக மாறியதை அவர் காட்டுகிறார். அவரை மிகவும் வருத்தியது பிறிதொன்று: வேட்டையாடப்பட்ட யூதர்களே, தம்மை அறியாமல், வேட்டைக்காரரின் சொற்களிற் பேசிக்கொண்டிருந்தனர். இரண்டு ஆட்சிகளும் ஒன்றல்ல. அவற்றின் தோற்றுவாயும் குறிக்கோளும் வேறு. இதனை மறைத்துப் பேசுவோர் வரலாற்றைக் குழப்புவோர். ஆனால் மனித மனத்திற் புகுந்து அவை செய்த வேலையில் இவ்வொற்றுமை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஜார் ஆட்சி கொடியது. அது பாவெலைச் சைபீரியாவுக்கு நாடுகடத்திற்று. தாயின் கழுத்தை நெரித்தது. எனினும், பாவெலின் சொற்களைத் தன் சொற்கள் என்று அது உரிமை கொண்டாடவில்லை. அங்கே ‘அவர்கள்’ என்ற சொல்லும் ‘நாங்கள்’ என்ற சொல்லும் தெளிவாக வெவ்வேறு மனிதரைக் குறித்தன. 1937இலோ ‘நாங்கள்’ என்ற சொல்லையே அரசு எடுத்துக்கொண்டுவிட்டது. நீதி, விடுதலை, தொழிலாளர், மக்கள் என்று ஒடுக்கப்பட்டோர் தம் துயரத்துக்குப் பெயரிடுவதற்குப் பயன்படுத்திய சொற்கள் அனைத்தும் சிறைவாசற் பலகையில் எழுதப்பட்டுவிட்டன. மகனைப் பறிகொடுத்த தாய்க்கு எஞ்சியது ‘தவறு’ என்ற ஒரே சொல்தான். அதையே அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இனி, அவள் தவறு என்று எண்ணியது யாது என்பதையும் காண்போம். 1937 யூலை 30இல் பிறப்பிக்கப்பட்ட 00447ஆம் இலக்க ஆணை, ‘சோவியத் விரோத சக்திகள்’ எனப்பட்டோருள் எத்தனை பேரைச் சுடவேண்டும், எத்தனை பேரை முகாமுக்கு அனுப்பவேண்டும் என்று பிரதேசவாரியாக எண்ணிக்கை வகுத்தது. லெனின்கிராட் பிரதேசத்துக்கு முதல் வகையில் 4,000. இரண்டாம் வகையில் 10,000. அந்த எண்களும் பின்னர் பன்மடங்கு உயர்த்தப்பட்டன. ஓகஸ்ட் 15இல் வந்த மற்றோர் ஆணை தண்டிக்கப்பட்டோரின் மனைவியரையும் முகாமுக்கு அனுப்ப வழிசெய்தது. 1937, 1938 ஆகிய ஈராண்டுகளில் அரசியற் குற்றச்சாட்டின்பேரில் மரண தண்டனை விதிக்கப்பட்டோர் 681,692 பேர் என்பது அவ்வாணையகத்தின் ஏடுகளே தரும் கணக்கு. நெசவாலைக்கும் உருக்காலைக்கும் உற்பத்தி இலக்கு விதிப்பதுபோல் இதற்கும் இலக்கு விதிக்கப்பட்டிருந்தது. இவ்வேடுகள் வெளியுலகுக்குத் தெரியவந்தது சோவியத் ஒன்றியம் மறையும் காலத்திலும் அதன் பின்னருமே. ஆயின், அவற்றில் ஒரு வரியையும் காணாத சுகோவ்ஸ்கயா, வரிசையிலே கண்டதை மட்டும் ஆதாரமாகக் கொண்டு, அந்த எண்களுக்கு அடியில் நிகழ்ந்ததை அதே காலத்தில் எழுதி வைத்துவிட்டார்.

அவரும் அவ்வரிசையில் நின்றவர். சிறுவர் கவிஞராகப் புகழ்பெற்ற கொர்னேய் சுகோவ்ஸ்கியின் மகள் அவர். அவருடைய கணவர் மத்வேய் புரொன்ஸ்தைன், ஈர்ப்பு விசையைக் குவாண்டம் கொள்கையோடு இணைக்க முதன்முதல் முயன்றோருள் ஒருவரான இளம் பௌதிகவியலாளர். 1937 ஓகஸ்டில் கைதானார்; 1938 பெப்ரவரி 18இல் சுட்டுக்கொல்லப்பட்டார்; அப்போது அவருக்கு வயது 31. மனைவிக்குச் சொல்லப்பட்ட தீர்ப்போ, ‘கடிதத் தொடர்பு உரிமையற்ற பத்து ஆண்டு’ என்பது. மரணத்துக்கு அதிகாரிகள் இட்ட மாற்றுப்பெயர் அது என்பதனை அவர் பின்னரே அறிந்தார். எனினும் தன் கதையைத் தன்னைப் போன்ற ஒருத்தியின் கதையாக அவர் எழுதவில்லை. தாம் காணும் கொடுமைக்கு நியாயம் உண்டு என்று மெய்யாகவே நம்பியோரின் பிரதிநிதியாக ஒருத்தியைத் தெரிந்து, அவளுடைய பார்வையை விட்டு ஓரடியும் விலகாமற் கதை சொல்கிறார். ஆசிரியையின் குரல் எங்கும் குறுக்கிடுவதில்லை. கண்டனச் சொல் ஒன்றில்லை. சோபியா பெத்ரோவ்னா கண்டும் புரிந்துகொள்ளாததை வாசகர் புரிந்துகொள்ளவேண்டும். அவ்விடைவெளியே இக்குறுநாவலின் களம்.

சர்வாதிகாரம்பற்றிய நாவல் என்றதும் பலருக்கு நினைவில் வருவது 1949இல் வெளிவந்த ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’. அதன் சிறப்பை நாம் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் அதன் கதாநாயகன் ஆட்சி பொய் சொல்கின்றது என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்தவன். உள்ளே சுதந்திரமான மனம், வெளியே அடக்குமுறை, இரண்டுக்கும் போராட்டம், முடிவில் மனம் நொறுக்கப்படுகின்றது. வெளியிலிருந்து நோக்கும் ஒருவர் இவ்வாறு காண்பது இயல்பே. உள்ளிருந்து நோக்கினால் நிலைமை வேறு. நொறுக்குவதற்கு அங்கே தனித்ததொரு மனம் காத்திருக்கவில்லை. தேநீர் மேசையிலும் அலுவலகத்திலும் பத்திரிகையின் முதற் பக்கத்திலும் அம்மனம் மெல்ல மெல்ல வனையப்பட்டாயிற்று. அச்சமூட்டும் கொடுமைகள் ஓர்வெல்லின் நாவலில் அதிகம். ஆயின் நமக்கு அதிக அச்சம் தருவது, சிறைக்குள் ஒருமுறையேனும் நுழையாத இந்தத் தட்டெழுத்துக்காரியின் கதைதான்.

குறைகளும் உள. பதிப்பகத்துக் கட்சிச் செயலாளர் திமொபெயேவ் போன்றோர் ஒரே வர்ணத்தில் தீட்டப்பட்டுவிட்டனர். அவர்களும் நம்பிக்கையும் அச்சமும் கலந்த மனிதர்தாமே என்ற எண்ணம் எழவில்லை. நதாஷா என்னும் தட்டெழுத்தாளர் ‘செஞ்சேனை’ என்ற சொல்லில் ஓர் எழுத்துப் பிழை விட்டமைக்காக வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள். பின் நஞ்சுண்டு மாள்கிறாள். அவளுக்காக வாய் திறந்த சோபியா பெத்ரோவ்னாவும் சுவர்ப் பத்திரிகையில் தாக்கப்பட்டு வேலையை விட நேர்கின்றது. நெஞ்சை உருக்கும் பகுதி இது. எனினும் நதாஷா கதைக்குத் தேவைப்படும்போது வந்து, தேவை முடிந்ததும் மறைந்துவிடுகிறாள் என்ற உணர்வு எழாமலில்லை. இதைவிட முக்கியமானது, நகரத்து உத்தியோகத்தரின் உலகுக்கு அப்பால் இக்குறுநாவல் செல்வதில்லை என்பது. 1932-33 பஞ்சத்தில் மாண்ட உக்ரேனிய விவசாயியும், உருக்காலையின் தொழிலாளியும் இங்கே இல்லை. இவ்வாட்சி எவ்வாறு தோன்றிற்று, எந்தச் சமூக சக்திகள் அதனைத் தாங்கி நின்றன என்ற வினாவுக்கு விடை தேடுவோர் வேறு நூல்களை நாடவேண்டும்.

இக்குறுநாவலின் பின்வரலாறு தனிக் கதை. கையெழுத்துப் பிரதியைப் பாதுகாத்த நண்பர் லெனின்கிராட் முற்றுகையின் பட்டினியில் மடிந்தார். மடியுமுன் அதனைத் தம் சகோதரியிடம் சேர்ப்பித்தார். 1962இல் சோல்செனிட்சினின் சிறைமுகாம் கதை ‘நோவி மிர்’ சஞ்சிகையில் வெளிவந்தது; அதே ஆண்டில் சுகோவ்ஸ்கயா தம் நூலை மொஸ்கோவின் ‘சோவியத் எழுத்தாளர்’ பதிப்பகத்திடம் கொடுத்தார். ஒப்பந்தமாயிற்று, முற்பணமும் வழங்கப்பட்டது. 1963இற் காற்றுத் திரும்பிற்று. இனி இத்தகைய நூல்கள் வேண்டியதில்லை எனப்பட்டது. ஆசிரியை நீதிமன்றம் சென்று, எஞ்சிய பணத்தைத் தரவேண்டும் என்று வழக்காடி வென்றார். பணம் கிடைத்தது, நூல் அச்சேறவில்லை. 1965இல் பாரிஸில், வேறு தலைப்போடும் மாற்றப்பட்ட பெயர்களோடும் அது வெளியாயிற்று. 1974இல் ஆசிரியை எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சொந்த நாட்டில் ‘சோபியா பெத்ரோவ்னா’ அச்சிற் பதிந்தது 1988இல், ‘நேவா’ சஞ்சிகையில்.

இத்தகைய நூல்களை முற்போக்காளர் ஏன் பேசவேண்டும், இவை எதிரியின் கையில் ஆயுதமாகிவிடாவோ என்று வினவுவோர் இன்றும் உளர். 1963இன் மறுப்பும் சாராம்சத்தில் இவ்வினாவேயாகும். நாம் ஒன்று கூறுவோம். எதிரிக்கு ஆயுதமாகியது நூலன்று. அந்நூலிற் கூறப்பட்ட செயல். அச்செயல் நிகழ்ந்த நாட்களில், தூர தேசங்களில் இருந்த முற்போக்காளர் பலர் சோபியா பெத்ரோவ்னா போலவே நடந்துகொண்டனர். தம் தோழர் ஒருவர் கைதானால் அது தவறு. பிறர் கைதானால் அது நியாயம். அவர்கள்மீது அச்சமோ பொலிஸோ இல்லை. சிறைவாசலில் நின்ற தாய்க்கு உள்ள மன்னிப்பு, நூலகத்தில் அமர்ந்து பத்திரிகை படித்தவருக்கு இல்லை. ஒரு செய்தி நம் பக்கத்துப் பத்திரிகையில் வந்தமையால் மட்டும் அதை ஏற்றுக்கொள்ளும் வாசகர் எங்கிருந்தாலும், அந்த வரிசையில் அவருக்கும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கின்றது.

இறுதிக் காட்சிக்கு வருவோம். சிலர் விடுதலையாகின்றனர் என்ற செய்தி பரவியதும், தன் மகனும் விடுதலையாகிவிட்டான், விரைவில் வருவான் என்று சோபியா பெத்ரோவ்னா அயலாரிடம் கூறத் தொடங்குகிறாள். முதலில் பிறரின் பொய்யை நம்பியவள், இப்போது தனக்கென ஒரு பொய்யைச் செய்துகொள்கிறாள். மண்ணெண்ணெய் திருடுகிறாள் என்று நேற்றுவரை அவளைப் பழித்த அயலார் இன்று மரியாதை காட்டுகின்றனர். அந்நிலையில் கோல்யாவின் கடிதம் வந்து சேர்கின்றது. முகாமிலிருந்து களவாக வெளிவந்த கடிதம். தன்னை அடித்தார்கள், ஒரு காது சரியாகக் கேட்பதில்லை, பாடசாலைத் தோழன் ஒருவன் கூறிய பொய்யால் இந்நிலை நேர்ந்தது, அம்மா மனு எழுதவேண்டும். அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு, நாடுகடத்தப்பட இருக்கும் வைத்தியரின் மனைவியிடம் ஓடுகிறாள். மனு எழுதாதே, எழுதினால் உன்னையும் நினைவுகொள்வார்கள், மகனுக்கும் மேலும் கேடு வரும் என்று அந்தக் கிழவி தாழ்குரலிற் கூறுகிறாள். கதை முழுவதிலும், துயருற்ற ஒருத்தி மற்றொருத்தியிடம் உண்மையை உள்ளபடி பேசுவது அரிது. பேசப்படும் இவ்விடத்திலோ அது வாய்மூடு என்ற புத்திமதியாகவே பேசப்படுகின்றது. வீடு திரும்பிய தாய் தீக்குச்சியைக் கிழித்துக் கடிதத்துக்குத் தீ வைக்கிறாள், விரல் சுடுகின்றது, எரியும் தாளைத் தரையில் எறிந்து காலால் மிதிக்கிறாள்.

நீலவ்னா புகையிரத நிலையத்தில் பிடிபடும்போது அவளுடைய பெட்டி நிறைய மகனின் பேச்சுத்தான் இருந்தது. நீதிமன்றத்தில் பாவெல் பேசியதைத் தோழர்கள் இரகசியமாக அச்சிட்டிருந்தனர். தாய் அத்தாள்களைக் கூட்டத்தினரிடையே வாரி வீசுகிறாள். கோல்யாவுக்கு அத்தகைய நீதிமன்றப் பேச்சு இல்லை. அவனுடைய சொல் என்று உலகில் எஞ்சியிருந்தது அந்த ஒரு கடிதமே.

இக்குறுநாவல் எழுதப்பட்ட அதே காலத்தில் சுகோவ்ஸ்கயாவின் கைகளின் முன்னே வேறு தாள்களும் எரிந்துகொண்டிருந்தன. அதே வரிசையில் தன் மகனுக்காகப் பதினேழு மாதங்கள் நின்ற கவிஞர் அன்னா அக்மதோவா, அந்நாட்களைப் பற்றிய கவிதைகளைத் துண்டுத்தாளில் எழுதி அவரிடம் நீட்டுவார். ஒற்றுக் கேட்கும் சுவர்களுக்காக இருவரும் வானிலைபற்றியோ தேநீர்பற்றியோ உரத்துப் பேசுவர். சுகோவ்ஸ்கயா கவிதையை மனனம் செய்ததும், அக்மதோவா அத்தாளைச் சாம்பற் கிண்ணத்தின்மேற் பிடித்து எரித்துவிடுவார். அவ்வாறு மனத்திற் பதிந்த கவிதைகள் பிற்காலத்தில் எழுத்தில் மீண்டன. கோல்யாவின் கடிதத்தைத் தாய் இரண்டாம் முறை படித்ததாகக்கூடக் கதையில் இல்லை.